தாய்மாமன் மடியில் நடந்த வழிப்பறி

அன்னவாசல்.

சென்னையில் இணையக் கம்பெனியில் வேலை பார்க்கும் மூத்த மாப்பிள்ளை பாலாஜி அவர்களுக்கு மாமனார் குழந்தைசாமி எழுதுவது.

என் மகன் சரவணக்குமாரின் தாய்மாமன் உரிமையை உங்கள் இணையம் பறித்துவிட்டது. இதைச் சொன்ன பிறகே நலம் விசாரிக்கிறேன். நீங்களும் ராசாத்தியும் சுகமா? இங்கே மழையில்லை, மற்றபடி சுகம்.

ஞாயிற்றுக்கிழமை இளையவள் செல்வராணியின் பிள்ளைக்குக் காதுகுத்து. மாமன் சரவணக்குமாருக்குச் சார்ஜாவில் லீவு கிடைக்கவில்லை. பிள்ளை மாமன் மடியில்தானே உட்கார வேண்டும்? ஆகையால் நாற்காலியில் தலையணை வைத்து, அதற்குப் பட்டு வேட்டி கட்டி, மேலே டேப்லெட்டைச் சாய்த்து, அதற்கும் சந்தனம் தடவினோம். சரவணக்குமார் அதற்குள்ளிருந்து சிரித்தான். ஆசாரி ஊசியை எடுத்த நேரம் பார்த்து அவன் முகம் அப்படியே நின்று, வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மாமன் எங்கே என்றார் ஆசாரி. என் தம்பி மகன் சேரன், நானும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்று தெரிந்தும் சம்பந்தி அழைத்திருந்த பயல், முன்னால் வந்தான்.

"இந்தா கிட்டத்துலயே ஒரு மாமன் இருக்கேன், எதுக்குச் சார்ஜா வரைக்கும் சுத்துறீங்க?"

தலையணையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டான். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. பிள்ளைகூட அழாமல் குத்திக்கொண்டது.

போனில் நீங்கள் சொன்ன விளக்கம் அதைவிட மோசம். எங்கோ ஒரு கம்பெனி, வீடியோ கால்காரனின் முகவரிகளெல்லாம் தன்னிடம் இருப்பதாகத் தப்பாக அறிவித்ததாம். பக்கத்துக் கம்பெனி நம்பி அடுத்தவனிடம் சொன்னதாம். பாதி உலகம் அங்கிட்டுத் திரும்பியதாம். அத்தாட்சி கேட்க மாட்டீர்களா என்றால், ஒருத்தரை ஒருத்தர் நம்புறதுதான் பழைய வழக்கம் மாமான்னு சிரிக்கிறீங்க. ஊரைச் சொன்னவனைவிடத் தெருவைச் சொன்னவனை நம்புவோம், சுத்து வழியைவிடக் கிட்டத்து வழியை நம்புவோம்னு பெருமை வேற. அப்ப சேரன் உங்க கம்பெனியிலதான் தொழில் பழகியிருக்கணும். இங்கே ஒரு சென்ட் நிலத்துக்கே பட்டாவும் வில்லங்கமும் கேட்கிறோம். உங்களையே நான் பொன்னமராவதி வரைக்கும் போய் விசாரிச்சுத்தான் பொண்ணு கொடுத்தேன், மாப்பிள்ளை.

ஆகவே, முகவரிக்கு உரியவன் கையெழுத்திட்ட பட்டா இல்லாமல் எவன் அறிவிப்பையும் ஏற்பதில்லை என்று உங்கள் மேலாளரிடம் நீங்கள் எழுதி வாங்க வேண்டும். பக்கத்துக் கம்பெனியும் அப்படியே எழுதித் தர வேண்டும். சேரன் தன் அறிவிப்பை ஊரறிய வாபஸ் வாங்க வேண்டும். சரவணக்குமார் லீவு வாங்கி வர வேண்டும். அவன் மடியில் ஆசாரி மறுபடி குத்த வேண்டும். பிள்ளைக்கு வலிக்கும் என்று செல்வராணி அழுதால் கம்மலையாவது கழற்றி, அவன் மடியில் வைத்து மாட்ட வேண்டும்.

உங்கள் குடும்பமும் கேபிள்களும் வழி தவறாமல் பல்லாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தைசாமி

பின்குறிப்பு: இணையத்தை நம்பாமல் இதைக் கையோடு கொடுத்தனுப்புகிறேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று, உங்கள் தாம்பரம் பக்கம் யார் போவது என்று சத்தமாகக் கேட்டேன். ஒருவர் கை தூக்கினார். பாலாஜியைத் தெரியுமா என்றதற்குப் பக்கத்து வீடுதான் என்றார். பெயர் கேட்கவில்லை, முகத்திலேயே நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறது. இந்த வரிகளை அவர் முதுகில் வைத்துத்தான் எழுதுகிறேன். உங்களுக்கென்று கொண்டுவந்த முறுக்கு டின்னையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.