பத்துக்குப் பத்து வீடு

இந்த வருஷம் ஒரு படிகூட ஏறுவதில்லை என்று நாடிக்காரர் சத்தியமே செய்துவிட்டார்.

நாடிக்காரர் என்பது தெருவார் வைத்த பேர். சுகாதார அலுவலகத்தில் கணக்கெடுக்கிற உத்தியோகம். கை குலுக்க வந்தவனைக்கூட விடமாட்டார், மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். வருஷத்துக்கு ஒரு தடவை நூற்றிருபது வீடு ஏறி, யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொதிப்பு, யார் நடக்கிறார், யார் புகைக்கிறார், மனசு சந்தோஷமாக இருக்கிறதா, பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டு எழுதி வர வேண்டும். எல்லாம் மூன்று மாடி, நாலு மாடி. லிஃப்ட் என்ற பேச்சே கிடையாது. ஊரையெல்லாம் "நடங்க, நடங்க" என்று விரட்டுகிற மனுஷர், தெருமுனைக் கடைக்கே வண்டியில்தான் போவார்.

"வீட்டுல உக்காந்தே எழுதிடப் போறேன்" என்றார் சம்சாரத்திடம்.

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டினா கிடங்குல தூக்கிப் போட்டுருவாங்க. கொசு மருந்து டப்பாவை மோந்துக்கிட்டே ரிடையர் ஆக வேண்டியதுதான். ஆனா யாரு பாக்கப் போறா? பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு இனிமே வரப்போற சர்க்கரை. உலகமே அவ்வளவுதானே!"

பதினோராவது படிவத்தில் கை வலித்தது. பன்னிரண்டில் கற்பனை வற்றிப்போயிற்று. எழுதினவர் அத்தனை பேரும் அறுபத்தஞ்சு கிலோ, ஏழு மார்க். சம்சாரம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"எதிர் வீட்டுத் தையக்காரர் அறுபத்தஞ்சு கிலோவா? அந்த மனுஷன் உக்காந்தா நாற்காலி அழுவுதே!"

"அவ்வளவு தெரிஞ்சவ நீயே எழுதேன்!"

"குடுங்க இப்படி."

கொடுத்துவிட்டு அவர் குறட்டைக்குப் போனார். அவள் அந்தப் பன்னிரண்டையும் கிழித்துப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். மொட்டை மாடியில் துணி காயப் போடும்போதும் கடை வரிசையில் நிற்கும்போதும் இருபது வருஷமாகக் காதில் விழுந்ததுதான் அத்தனையும். தையற்காரர் பெண்டாட்டி கண்முன்னால் மட்டும் மாத்திரை போடுவார். மாடியிலே பாட்டு டீச்சருக்கு, மகள் போனதிலிருந்து தூக்கம் கிடையாது. மின்சார மீட்டர் பார்க்கிறவர் விட்டுவிட்டதாகச் சொல்லும் சிகரெட் குளியலறையில் இருக்கிறது. இரண்டே சாயங்காலத்தில் முடித்துவிட்டாள். நாடிக்காரர் ஒரு வரி படிக்கவில்லை. நூற்றிருபது கையெழுத்தைச் சடசடவென்று போட்டு அனுப்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து, எடை பார்க்கும் மெஷினோடு மேலதிகாரி அம்மா வந்து இறங்கினார். சரிபார்க்கப் பதினஞ்சு வீடு. நாடிக்காரர் பரீட்சைக்குப் படிக்காத பிள்ளை மாதிரி பின்னாலேயே போனார்.

"இவர் உங்களை வந்து பாத்தாரா?" என்று அந்தம்மா வீடு வீடாகக் கேட்டார்.

"இவரா? கையைப் பிடிக்காத நாளே இல்லீங்களே!" என்றார்கள் எல்லாரும்.

பதினாலு வீடும் அச்சு மாறாமல் சரி. அதிகாரியம்மா அசந்துபோனார். "எப்படிங்க? மீட்டர்காரர் சிகரெட் விஷயம் அவங்க வீட்டுலயே யாருக்கும் தெரியாது. கேட்டதும் அழுதே ஒத்துக்கிட்டாரு!"

நாடிக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "பக்குவமா விசாரிக்கணும், மேடம். எல்லாருக்கும் வராது."

"கடைசியா ஒரே வீடு. சந்தோஷத்துக்குப் பத்துக்குப் பத்து வாங்கின ஒரே வீடு!" என்றபடி அவர் படியேறின வீட்டைப் பார்த்ததும் நாடிக்காரருக்கு நாடியே நின்றுவிட்டது. அது அவர் வீடு.

சம்சாரம் நாற்காலி எடுத்துப் போட்டாள். அதிகாரியம்மா படித்தார். "வீட்டுக்காரர் தினம் காலை அஞ்சரைக்கு ஒரு மணி நேரம் நடக்கிறார். டீக்குச் சர்க்கரை கிடையாது. பாத்திரம் முழுக்க அவரே கழுவுகிறார். மனைவி மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்குகிறார், யாரும் எழுப்புவதில்லை. இதெல்லாம் உண்மைதானா?"

இல்லை என்றால், பின்னே யார் எழுதினது என்று கேள்வி வரும். கொசு மருந்து வாடை இப்போதே மூக்கில் ஏறியது.

"உண்மைதான், மேடம்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அதிகாரியம்மா அவர் வயிற்றைப் பார்த்தார். "தினம் ஒரு மணி நேரம் நடந்துமா இது?"

"முன்னாடி நீங்க பாக்கலையே, மேடம்!" என்றாள் சம்சாரம்.

"பிரமாதம்! வருஷம் பூரா இந்த வீட்டைக் கண்காணிக்கப் போறோம். எப்பன்னு சொல்ல மாட்டேன், மாசம் ஒரு தரம் வருவேன். எடை குறையுதான்னு பாக்கணும்" என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பினார்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் நாடிக்காரர் வெடித்தார். "அடிப்பாவி! ஊர் வீட்டையெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதிட்டு, நம்ம வீட்டுக்கு மட்டும் இப்படிப் புளுகி வச்சிருக்கியே!"

"புளுகா? மத்த வீட்டுல நடக்கிறதை எழுதினேன். நம்ம வீட்டுல இனிமே நடக்கப்போறதை எழுதினேன். வேணும்னா இப்பவே ஓடிப்போய் அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

அவர் ஓடவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தார். அவள் பாயை விரித்துப் படுத்து, ஒருக்களித்துத் திரும்பினாள்.

"சத்தம் வராமக் கழுவுங்க. நான் முழிச்சுக்கிட்டா ரிப்போர்ட் பொய்யாயிடும்."