கம்பெனி இடத்தில் யோசித்தவர்

சிவசாமி தன் நண்பர் வேலப்பனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது தோட்டத்துக்கு வெளியே, ரிங்லெட் டவுன் பஸ் ஸ்டாண்டில். ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"சிவசாமி, இது கம்பெனி இடமில்லையே?"

"இல்லலா கிராணி, கவர்மெண்டு இடம்."

"அப்ப கொஞ்சம் யோசிச்சுக்கிறேன்."

வேலப்பன் மலேசியத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர். எண்பதுகளில் அவர் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டர் இல்லாத துரை துரையே அல்ல என்று தோட்ட மானேஜர்களின் கிளப்பில் பேச்சு; அதனால் வாங்கினார்கள். வெகுநாள் அதைத் துடைத்து மட்டும் வைத்தார்கள். வேலப்பன்தான் தானாகப் படித்து, கொழுந்து எடையைக் கொடுத்தால் சம்பளம் சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுதினார். மழையில் நனைந்த கொழுந்துக்கு எடை கழிப்பது தோட்டத்து வழக்கம். ஆகவே அது முதலில் "இன்று மழையா?" என்று கேட்கும். ஆமாம் என்றால் கழிக்கும்.

பக்கத்துத் தோட்டம் அதை விலைக்குக் கேட்டது. ரிட்டயரானால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். விற்ற காசில் ரிங்லெட்டில் ஒரு சின்ன வீடு என்று மனைவி நீலாவதியிடம் சொல்லிவிட்டு, துரையிடம் அனுமதி கேட்கப் போனார்.

"எங்க உட்கார்ந்து யோசிச்சீங்க கிராணி?"

"வீட்டிலதாங்க ஐயா."

"வீடு யாருது?"

"கம்பெனியோடது. குளிக்கிறப்பவும் யோசிச்சேன்."

"தண்ணி யாருது?"

"கோயில்ல கொஞ்சம்..."

"கோயில் நிலம்?"

மேற்படி மூளை கம்பெனி எல்லைக்குள் இயங்கியமையால் அதன் விளைபொருள் யாவும் கம்பெனிக்கே உரியது என்று கடிதம் வந்தது. யூனியன் காரியதரிசியான சிவசாமி சும்மா இருப்பாரா? கொழுந்து பறித்தவர்கள் தொழிலாளர்கள், ஆகவே பாதி யூனியனுக்கு என்று தீர்மானம் போட்டார். கோயில் கமிட்டி முருகனுடைய பங்கை நினைவூட்டியது.

கம்பெனி புரோகிராமைக் கோலாலம்பூர் தலைமை ஆபீசுக்குக் கொண்டுபோயிற்று. எடை தினமும் போனில் போகும். "இன்று மழையா?" என்று அது கேட்கும். அங்கிருந்த அதிகாரி சன்னலைத் திறந்து பார்த்து உள்ளபடி பதில் சொன்னார். பொய் சொல்லக் கூடாது என்பது தலைமை ஆபீசின் கொள்கை. கோலாலம்பூரில் கொட்டினால் மலையில் காய்ந்த கொழுந்துக்கு எடை கழிந்தது. மலையில் கொட்டி அங்கே வெயிலடித்தால் கம்பெனி தண்ணீருக்கும் சம்பளம் கொடுத்தது.

கொழுந்துக்காரி வேலாயி கூடையோடு ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்தாள். "எந்த ஊரு மழைக்கு எங்க எடையக் கழிக்கிறீங்க கிராணி?"

விசாரணை வைத்தார்கள். இது எங்கள் புரோகிராம் அல்ல என்றது தலைமை ஆபீஸ். யூனியனுக்கு இதில் எக்காலத்திலும் பங்கில்லை என்று சிவசாமி மறுதீர்மானம் போட்டார். கமிட்டி முருகனை விலக்கிக்கொண்டது. புரோகிராம் முழுக்க முழுக்க வேலப்பனுடையதே என்று முத்திரை குத்திக் கடிதம் கொடுத்தார்கள்.

வேலப்பன் அதைச் சந்தோஷமாகப் பக்கத்துத் தோட்டத்துக்கு எடுத்துப் போனார். அங்கிருந்த மானேஜர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சொந்தக் கம்பெனியே கைகழுவின சாமான நாங்க எப்படி வாங்கறது கிராணி?"

அதன் பிறகுதான் அவர் ஞாயிறுதோறும் பஸ் ஏறி ரிங்லெட் போய் அடுத்த புரோகிராமை யோசிக்கலானார். யோசித்து முடிக்குமுன் மாரடைப்பில் போய்விட்டார். நீலாவதி காய்கறிக்காரர் ஒருவர் வீட்டுப் பின்னறைக்கு வாடகைக்குப் போனாள். குவார்ட்டர்ஸ் இன்னும் பூட்டியே கிடக்கிறது. அது கம்பெனியுடையது.