அம்புறோஸ் அண்ணையின் சனிக்கிழமைக் குடும்பம்

“தனி ஆம்பிளைக்கு ஆர் அண்ணை காணி குடுப்பினம்?” என்று ஜோன்சன் கேட்டபோதுதான் அம்புறோஸுக்கு அந்தச் சிக்கலே உறைத்தது.

கையில் தோட்டச் சங்கத்தின் கடிதம். ஹம்பேர்க் நகரவாசிகளுக்குத் தோட்டம் செய்யத் துண்டுக் காணிகள் கொடுக்கும் சங்கம் அது. பெயர் பதிந்து எட்டு வருடம் காத்திருந்தபின், 2005 வைகாசியில், சனிக்கிழமை மூன்று மணிக்கு நேரில் வரும்படி எழுதியிருந்தார்கள்.

இருவரும் ஒரே ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவர்கள். அம்புறோஸின் காணிக் கனவை ஜோன்சன் கேட்காத நாளில்லை. சின்னக் கொட்டில், நாலு பாத்தி மிளகாய், வாசலில் இருக்க இரண்டு கதிரை. இரண்டாவது கதிரை யாருக்கென்று ஜோன்சன் ஒருநாளும் கேட்டதில்லை, நல்ல பெடியன். தங்கச்சிமார் மூன்று பேரையும் கரைசேர்த்துவிட்டு நிமிர்ந்தபோது அம்புறோஸுக்கு நாற்பத்தொன்பது. அறையில் அவரோடு இருந்தது ஒரு மிளகாய்ச் செடி. அதோடு அவர் கதைப்பதும் உண்டு.

“யாழ்ப்பாணத்தில தனியாளுக்கு அறையே வாடகைக்குக் குடுக்கமாட்டினம். இவங்கள் காணி குடுப்பாங்களே? மனிசி பிள்ளையோட போங்கோ.”

“மனிசிக்கு நான் எங்க போறது?”

“அன்ரனிற்றாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒரு பின்னேரத்துக்குத்தானே.”

சொந்த மனைவியை இவ்வளவு தாராளமாகக் கொடுத்த ஜோன்சனுக்கு, இரவு முழுக்க நித்திரை வரவில்லை. விடிந்ததும், “நானும் வாறன். உங்கட தம்பியெண்டு சொல்லுங்கோ,” என்றான்.

சனிக்கிழமை நாலு பேராகப் போய் நின்றார்கள். நாலாவது ஆள் வெரோனிக்கா, ஜோன்சனின் ஆறு வயது மகள். சங்கத் தலைவி பிராவ் லூடர்ஸ் கோப்பும் கையுமாக வந்தார்.

“கல்யாணமாகி எத்தனை வருடம்?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

“மூன்று,” என்றார் அம்புறோஸ்.

“ஏழு,” என்றாள் அன்ரனிற்றா.

“சந்தோஷமாக இருந்தது மூன்று வருடந்தான்,” என்று ஜோன்சன் சமாளித்தான். அன்ரனிற்றா முறைத்தாள். முறைத்தது ஜோன்சனை.

அந்த நேரம் பார்த்து வெரோனிக்கா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். “பப்பா, ஊஞ்சல் ஆட வாங்கோ!”

பிராவ் லூடர்ஸின் மூக்குக்கண்ணாடி கீழே இறங்கியது.

“எங்கள் ஆட்களில் தகப்பனின் தம்பியும் அப்பாதான். சின்ன அப்பா,” என்றான் ஜோன்சன். அதில் பொய்யும் இல்லை.

அன்ரனிற்றா மகளின் தோளில் மெல்லக் கிள்ளினாள். பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்த பாடம் நினைவு வந்துவிட்டது. நேரே அம்புறோஸிடம் ஓடினாள்.

“அப்பா, நீங்கள் ஆட்டிவிடுங்கோ.”

அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஊஞ்சலை ஆட்டினார். போதும் என்று அவள் சொன்ன பிறகும் ஆட்டினார். திரும்பி வரும்போது சின்னக் கை அவர் விரலைப் பிடித்திருந்தது. எல்லாம் நடிப்பென்று தெரியும். இருந்தாலும் இந்தச் சனிக்கிழமை முடியாமலே இருக்கக்கூடாதா என்று மனம் கிடந்து ஏங்கியது.

அதற்குள் அன்ரனிற்றா, வீட்டில் பொரித்துக் கொண்டுவந்த பற்றிஸில் மூன்றை பிராவ் லூடர்ஸுக்குத் தீத்திவிட்டிருந்தாள். கடைசியாக மூலைக் காணியைக் காட்டினார்கள். ஒரு அப்பிள் மரம், பச்சைக் கதவு போட்ட கொட்டில். அம்புறோஸ் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி மணந்து பார்த்தார். “இதில மிளகாய் நல்லா வரும்,” என்று தமிழில் தனக்கே சொல்லிக்கொண்டார்.

பிராவ் லூடர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோப்பிலிருந்த அம்புறோஸின் பெயரை மெதுவாகக் கோடிட்டு வெட்டினார்.

“இவ்வளவு அன்பான குடும்பத்தைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம், ஆனால் மன்னியுங்கள், இங்கே இருந்த கிழவர் துணையில்லாமல் செத்த பிறகு, இந்தக் காணியை யாருமற்ற ஒருவருக்கே கொடுத்து, சங்கமே அவருக்குத் துணையாக இருப்பதென்று முடிவெடுத்தோம், எட்டு வருடத்துக்கு முன் நீங்கள் தனியாள் என்று எழுதியிருந்ததால்தான் உங்களைக் கூப்பிட்டோம்.”