பின்னுக்குப் போகாத மோட்டார்

மாடு பார்க்கத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எதையும் பார்த்து வாங்கத் தெரியும் என்று இருபத்தேழு வயதில் நான் மனதார நம்பினேன். அந்த நம்பிக்கையோடு போய் ஒரு மோட்டார் வாங்கினேன். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுத் தமிழர்களில் சொந்த மோட்டார் வாங்கிய முதல் ஆள் நான்தான். (இரண்டாவது ஆள் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வயிற்றெரிச்சல், வேறென்ன.)

பெரிய யுத்தத்துக்கு முந்திய காலம் அது. எனக்குக் கமலத்தைக் கட்டிக் கொடுத்தபோது நான் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையில் இருந்தேன். கோட்டும் தலைப்பாகையுமாக, காதில் பேனா செருகிய உத்தியோகம். நாகப்பட்டினத்தில் மாமனாரிடம் என் மதிப்பே அந்தப் பேனாவில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணம் முடிந்து தனியாகக் கப்பலேறி வந்தவன், ஆறே மாதத்தில் அந்த வேலையை உதறிவிட்டு மாட்டு வண்டி வாங்கி மூட்டை ஏற்ற ஆரம்பித்தேன். தொழில் நன்றாகவே போனது. ஆனால் அதை ஊருக்கு எழுதக் கை வரவில்லை. 'தொழில் க்ஷேமம், விவரம் பின்னால்' என்றே இரண்டு வருஷம் எழுதினேன். அந்த இரண்டு வருஷமும் கமலம் அங்கேயும் நான் இங்கேயுமாகக் கிடந்தோம்.

கடைசியில் மாமனாரிடமிருந்து காகிதம் வந்தது. பெண்ணை அவரே கூட்டிக்கொண்டு வருகிறாராம். கப்பல் மூன்று நாள் துறைமுகத்தில் நிற்குமாம். என் பிழைப்பு அவருக்குத் திருப்தியாக இருந்தால் விட்டுவிட்டுப் போவாராம், இல்லாவிட்டால் அதே கப்பலில் இரண்டு பேரும் திரும்பிவிடுவார்களாம். மோட்டாரில் வந்து இறங்குகிற மாப்பிள்ளையிடம் யார் தொழிலைக் கேட்பார்கள் என்ற யோசனை அப்போதுதான் உதித்தது.

சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு துரை தன் பழைய மோட்டாரை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மாட்டை எப்படிப் பார்ப்போமோ அப்படியே பார்த்தேன். விலாவில் தட்டினேன். நாலு சக்கரத்தையும் குளம்பு பார்ப்பதுபோல் அமுக்கினேன். முன்பக்கம் குனிந்து விளக்கு இரண்டையும் உற்றுப் பார்த்தேன். (கண்ணில் பீளை இருக்கிறதா என்று. இருந்தது, துடைத்தேன்.) துரையின் மலாய் சைஸ் நல்ல மனுஷன். வண்டியை ஓட்டுகிறவன் என்பதால் அதன் சீக்கெல்லாம் அவனுக்குத் தெரியும். இந்த வண்டி முன்னுக்கு மட்டும்தான் போகும், பின்னுக்குப் போகிற பல் சக்கரம் உடைந்துவிட்டது என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. நுகத்தடியில் பூட்டியதும் பின்னுக்கு இழுக்கிற மாட்டை எந்த வண்டிக்காரனும் வாசலில் கட்ட மாட்டான். பின்வாங்கவே தெரியாத உருப்படி கிடைத்தால் விடுவேனா? அங்கேயே பேசி முடித்தேன்.

அதே சைஸ் ஒரு வாரம் ஓட்டப் பழக்கினான். குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றிச் சுற்றி வந்ததில் பின்னுக்குப் போகும் தேவையே எழவில்லை.

கப்பல் வந்த அன்று, என் வண்டிக்காரன் மாரிமுத்துவிடம் மாடுகளையெல்லாம் சந்துக் கடைசியில் இருந்த கொட்டகையில் அடைத்து, முன்னால் சாக்குப் படுதா தொங்கவிடச் சொன்னேன். கப்பல் திரும்புகிற வரை படுதா விலகக் கூடாது என்று உத்தரவு. துறைமுகத்தில் மாமனார் மோட்டாரை மேலும் கீழும் பார்த்தார். ஏறுமுன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். கமலம் என்னைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வழி நெடுக ரிக்ஷாக்காரர்கள் ஒதுங்கினார்கள், கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ராஜாவாகவே வந்தேன்.

வீட்டுக்கு முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்தவேண்டும் என்ற ஆசையில் சந்துக்குள் திருப்பினேன். சந்து சரிவு, அகலம் மோட்டாருக்கு மேல் நாலு விரற்கடை. வீட்டு வாசல் வந்தது, போனது. நான் பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். மோட்டார் படுதாவைக் கிழித்துக்கொண்டு கொட்டகைக்குள் மூக்கை நுழைத்து, சாணியில் புதைந்து நின்றது. இரண்டு பக்கமும் சுவர். கதவு திறக்கவில்லை. ஏறிக் குதிக்கிற ரகம் அல்ல என் மாமனார். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார், ஒரு மாடு அவர் அங்கவஸ்திர நுனியைச் சாவகாசமாக நக்கிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ள, கொஞ்சம் பின்னுக்கு எடுங்க" என்றார்.

"இது பின்னுக்குப் போகாதுங்க மாமா."

மாரிமுத்து நிலைமையைப் பார்த்து, என் உத்தரவுக்குக் காத்திராமல், கொட்டகையின் பின்வாசல் வழியாக ஒரு ஜோடியை ஓட்டிச் சுற்றிவந்து, மோட்டாரின் பின்னால் கயிறு கட்டிப் பூட்டினான். மாடுகள் இழுக்க, நாங்கள் மூன்று பேரும் வந்த வழியே பின்னோக்கி ஊர்வலம் போனோம். தெருவே திரண்டு நின்றது. செத்தாலும் தேவலை என்றிருந்தது எனக்கு.

வாசலுக்கு நேரே வந்ததும் கமலம் கேட்டாள், "இந்த மாடெல்லாம் யாருது?"

நான் வாயைத் திறக்குமுன் மாரிமுத்து முந்திக்கொண்டான். "நம்மளுதுதான் ஆத்தா. மொத்தம் பதினாறு."

மாமனார் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருஷமா இத எழுதுறதுக்கு என்னங்க? என்ன தொழில்னே தெரியாத ஆளுகிட்ட பொண்ண எப்படி அனுப்புறதுன்னு தூக்கமில்லாம கெடந்தேன். பதினாறு மாடு உள்ளவரா நீங்க?"

வெட்கத்தோடு வைத்துக்கொண்டிருந்த மாடுகள்தான் என்னைக் காப்பாற்றின. நான் பெருமையோடு வாங்கிய மோட்டார் சுவரோரமாகச் சாணி சொட்டிக்கொண்டு நின்றது. கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மூன்றாம் நாள் மாமனார் தனியாகக் கப்பலேறினார்.

ஊரில் போய் அவர் என்ன சொன்னார் என்பது பத்து வருஷம் கழித்து மைத்துனன் கல்யாணத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. பந்தலில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்து, "சிங்கப்பூர்ல மோட்டாருக்கு மாடு பூட்டி வச்சிருக்கிறவர் நீங்கதானா?" என்று பயபக்தியோடு விசாரித்தார்.

நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஆமாங்க, ரெண்டு மாடு" என்றேன்.

"ரெண்டு இல்லங்க" என்றாள் பக்கத்தில் நின்ற கமலம். "பதினாறு."