புதுப் பாட்டுக்காரனும் என் திருப்புளியும்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் ஆறு வருடம் ஓர் இங்கிலீஷ் பாட்டுக்காரனின் குரலோடுதான் குடும்பம் நடத்தினேன். கடைசியில் அந்தக் குரலே எனக்கு அமைய இருந்த குடும்பத்தைக் கெடுத்தது. கெடுத்தது குரலா, ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் மூளையா என்று நீங்களே சொல்லுங்கள்.

தொண்ணூறுகளில் மாமல்லபுரத்தில் மைக் செட் வைத்திருந்தேன். ஊரிலேயே பெரிய சத்தம் என்னுடையது. ஊரிலேயே சின்னக் குரலும் என்னுடையதுதான். மற்ற மைக் செட்காரர்கள் “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று அதட்டுவார்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு மைக்கில் ஊதிப் பார்ப்பேன். (ஊதுவதையும் யாரும் பார்க்காத நேரமாகச் செய்வேன்.)

என் கூட்டாளி ஏழுமலை, கடற்கரைக் கோயிலில் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டி. ஊருக்குக் கிளம்பிய ஒருவர் அவனிடம் கொடுத்துவிட்டுப் போன கேசட்டை என்னிடம் தந்தான்.

“ஹெவி மெட்டலாம் மச்சான். இரும்புக் கடை இடிஞ்சி வுய்ந்தா மாரி கீது. உன் பாக்ஸு தாங்குதா பாரு.”

அட்டையில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் முகத்தை மூடின முடி. போட்டேன். கிடாரும் டிரம்ஸும் இடித்துத் தள்ளின. அவற்றுக்கு அடியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. பெரிய அலை திரும்பும்போது அடியில் கிடக்கும் கல்லையெல்லாம் உருட்டி இழுத்துக்கொண்டு போகுமே, அப்படி ஒரு கனத்த குரல். அவன் என்ன சொல்கிறான் என்று தெரியாது. ஆனால், படாளத்து வசந்தாவிடம் நான் சொல்ல முடியாமல் வைத்திருந்ததையெல்லாம் எனக்காகக் கத்திச் சொல்கிறான் என்று மட்டும் தெரிந்தது.

வசந்தா என்னிடம் அதுவரை பேசியது ஒரே ஒரு முறை, அவர்கள் ஊர்த் திருவிழாவில். “அண்ணே, பாக்ஸ கொஞ்சம் அந்தாண்ட திருப்புங்க, காது அடைச்சிக்குது.” அந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஆறு வருடம் ஓட்டினேன். (அதில் ‘அண்ணே’யை மட்டும் அழித்துவிட்டேன். கேசட்காரனுக்கு அழிப்பது சுலபம்.)

ஒருவழியாக என் அம்மா பெண் கேட்டுப் போனார். வசந்தாவின் அப்பா நெல் வியாபாரி. கடித்துப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டார்.

“பெரிய பொண்ணு கல்யாணம் செங்கல்பட்டுல வச்சிகீறேன். மைக் செட்டு உங்க புள்ளையே போடட்டும். வேலைய பாத்துட்டு சின்னவளுக்குப் பேசலாம்” என்றார்.

கல்யாணத்தன்று விடியற்காலை பக்திப் பாட்டெல்லாம் மணிமணியாக ஒலித்தது. வசந்தாவே காபி கொண்டுவந்து வைத்தாள். “நல்லா கேக்குது” என்றாள். அண்ணே இல்லை! நான் பாக்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பிறகு மந்திரத்துக்காக மைக்கை ஐயரிடம் கொடுத்துவிட்டுப் பாட்டை நிறுத்தினேன். டேப் சும்மா கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஏழுமலை பஸ் பிடித்து வந்து சேர்ந்தான்.

“மச்சான், அதே குரூப்பு! புது கேசட்டு! ஒரு வெள்ளக்காரம்மா குடுத்துச்சி.”

அட்டையைப் பார்த்தேன். அதே முடி, அதே ஐந்து பேர். இத்தனை வருடம் காத்திருந்தவனுக்குச் சாயங்காலம்வரை பொறுக்க முடியுமா? ஹெட்போனை மாட்டிக்கொண்டு போட்டேன்.

குரல் மெலிந்து கீச்சென்று வந்தது.

மைக் செட்காரனுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான். டேப் வேகமாக ஓடுகிறது. (அரைமணிக்கு முன்னால் இதே டேப் ஒழுங்காகத்தானே பாடியது என்று ஒரு கழுதைக்குக்கூடத் தோன்றியிருக்கும்.) ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, கேசட் நாடா உரசும் ஹெட்டைத் துடைத்தேன். மாறவில்லை. திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினேன். மோட்டாரின் முதுகில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு இருக்கும். கால் சுற்றுத் திருப்பினேன். குரல் கொஞ்சம் தடித்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கால் சுற்று. வா, வா என்று மனசுக்குள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே திருப்பினேன். கடைசியில் வந்துவிட்டான், கிட்டத்தட்ட! டிரம்ஸ்காரன் மட்டும் நாலு நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி அடித்தான். பாவம், வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். வசந்தாவின் அப்பா.

“மேளக்காரங்க வந்த பஸ்ஸு அச்சரப்பாக்கத்துலயே நின்னுபூச்சாம். கேசட்டுல கெட்டிமேளம் போடுப்பா, சீக்கிரம்!”

மாற்றிப் போட்டேன். ஐயர் கையைத் தூக்கினார். பட்டனை அழுத்தினேன்.

நாதஸ்வரம் சாவு வீட்டுச் சங்கு மாதிரி இழுத்தது. தவில், யானை மாடிப்படி ஏறுவதுபோல யோசித்து யோசித்து ஒவ்வோர் அடியாக விழுந்தது. அட்சதை போடத் தூக்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. மாப்பிள்ளையும் தாளத்துக்குக் கட்டுப்பட்டு மெதுவாக முடிச்சுப் போட்டார். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த ஓர் அத்தை, “ஐயோ, யாரு பூட்டாங்கோ?” என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

மணப்பெண்ணுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்து நின்ற வசந்தா என்னைப் பார்த்தாள். அப்படியே சிரித்துவிட்டாள். விளக்கின் சுடர் ஆடும் அளவுக்குச் சிரிப்பு. என்னைப் பார்த்து அவள் சிரித்தது அன்றுதான். மறுபடி ஒருமுறை பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவள் அப்பா சிரிக்கவில்லை. என் கையிலிருந்த திருப்புளியையும், திறந்து கிடந்த டேப்பையும் பார்த்தார்.

“மிஷினையே ஒயுங்கா ஓட்டத் தெர்ல. எம் பொண்ண வச்சி இன்னாத்த ஓட்டுவே?”

அவ்வளவுதான். அடுத்த தையில் வசந்தாவின் கல்யாணம். வேறு மாப்பிள்ளை, வேறு மைக் செட்.

அந்தக் கேசட்டைக் கொடுத்த வெள்ளைக்காரம்மாவிடம் ஏழுமலை பிறகு விசாரித்துக்கொண்டு வந்தான். “பேரு மட்டும்தான் மச்சான் அதே பேரு. பாட்டுக்காரன் உட்டுட்டுப் பூட்டான். கிடார் அடிக்கறவனும் வேற ஆளாம்.”

ஆள் போய்விட்டான். நான் மிஷினைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து முட்டுக்காட்டிலிருந்து தேவகியைக் கட்டிக்கொண்டேன். முதல் ஆறு மாதம் அவளிடம் நான் பேசியது “சோறு போதும்” மட்டும்தான். ஒருநாள் மத்தியானம் எதிரில் உட்கார்ந்து, “இன்னாங்க உங்க பேஜாரு? இன்னிக்கு சொல்லிதான் ஆவணும்” என்றாள். காபி, சிரிப்பு, விளக்கு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆயுசிலேயே நான் பேசிய நீளமான பேச்சு அது. தேவகி புரையேறுகிற வரை சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“இந்த வூட்டுக்கு நான் புதுப் பாட்டுக்காரி. பழைய ஆளு மாரி என்னால பாட முடியாது. திருப்புளிய உள்ள வச்சிட்டு, வர்ற குரல கேளுங்க.”

அன்று மாலையே, செங்கல்பட்டுக் கல்யாணத்தோடு மூலையில் போட்டுவைத்த அந்த டேப்பை எடுத்து, திருகைப் பின்னோக்கித் திருப்பி அந்தப் புதுக் கேசட்டைப் போட்டுக் கேட்டோம். புதியவன் மோசமில்லை. உயரத்தில் நன்றாக ஏறுகிறான். தேவகிக்கு அவனைத்தான் பிடிக்கும்.

இப்போதும் குழம்பு ருசி மாறிவிட்டது, கடைக்காரர் மாறிவிட்டார் என்று நான் முனகினால் போதும். என் மகள் உள்ளே இருந்து கேட்பாள்: “அப்பா, திருப்புளி எடுத்தாரட்டா?”

அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்தத் திருகு பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்பவே இல்லை, ஒரு மயிரிழை தள்ளியே நின்றுவிட்டது. வீட்டில் யாரும் இல்லாதபோது பழைய கேசட்டைப் போடுகிறேன். ஆறு வருடம் கேட்ட அந்தக் குரல் இப்போது அதிலும் வருவதில்லை. ஆனாலும் நான் திருப்புளியைத் தொடுவதில்லை.