நாலு படத்திலும் அதே ஆள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் மனைவியும் இங்கே உடம்பளவில் சௌக்கியம். தாங்களும் தங்கள் இல்லத்தரசியும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்றிருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். என் மகளும் சௌக்கியமாகத்தான் இருப்பாள். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்தக் கடிதத்தின் காரணம் தாங்கள் அறிந்ததே. "மன்னிப்புன்னு ஒரு வார்த்தை அதுல இருந்தாகணும், இல்லைன்னா இந்த வீட்ல அடுப்பு எரியாது" என்று சொல்லிவிட்டு, என் மனைவி எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டு என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. இந்த நேரத்தில் சம்பந்திகள் இருவரும் முகம் திருப்பிக்கொண்டால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று அவளுக்குப் பயம், மகளுக்கு அதைவிடப் பயம், உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். ஆகவே, மன்னிப்பு. எழுதிவிட்டேன். இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது தங்களுக்கே விளங்கும்.

கல்யாணத்துக்கு முன்பே இரண்டு வீட்டாரும் பழகிக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னவர் மாப்பிள்ளை. வாரத்துக்கு ஒரு படம், அவரவர் வீட்டில் பார்ப்பது, ஞாயிறு சாயங்காலம் கைபேசியில் முகம் பார்த்துக் கருத்துச் சொல்வது, படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தங்களுடையது. நானும் மூக்குக்கண்ணாடிக் கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டில் சும்மா இருப்பவன்தானே, சரி என்றேன். எங்களிடம் இணையத்தில் படம் பார்க்கும் சந்தா கிடையாது என்றதும், நம்ம கணக்கிலேயே பாருங்கள், ஒரே குடும்பம்தானே என்று பெரிய மனசோடு சொன்னீர்கள். மாப்பிள்ளையே வந்து எங்கள் டிவிப் பெட்டியில் இணைத்துக் கொடுத்தார். திரையில் உங்கள் வீட்டார் மூன்று பேரின் பெயரும் தனித்தனிக் கட்டமாக வந்தது. குடும்பத் தலைவர் தாங்கள் இருக்கும்போது, சின்னப் பிள்ளையின் கட்டத்திலோ ஒரு பெண்மணியின் கட்டத்திலோ நான் போய் நுழைவது முறையா? ஒவ்வொரு வாரமும் தங்கள் கட்டத்தைத்தான் அழுத்தினேன். எங்கள் பக்கம் மரியாதை குறையவில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

முதல் படம், பாலம் கட்டுகிற பொறியாளர் கதை. பாலம் இடிந்துவிடுகிறது, அவர் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நிற்கட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் திரையில் இருப்பது இரண்டே சங்கதி, ஒன்று ஆறு, இன்னொன்று அவர். இதில் ஒரு ஆண்குரல் உள்ளே புகுந்து, 'அவர் ஆற்றைப் பார்க்கிறார்' என்கிறது. கொஞ்ச நேரம் விட்டு, 'இன்னும் பார்க்கிறார்' என்கிறது. எனக்குத் தெரியாதா? பிறகு 'கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்' என்கிறது. அவர் கழற்றுகிற விதமே தப்பு, ஒற்றைக் கையால் இழுத்தால் ஃபிரேம் கோணிப்போகும், அதைச் சொல்லியிருந்தாலாவது உருப்படியான தகவல். கடைசியில் படம் முடிந்து எழுத்துகள் ஓடும்போது அதையும் ஒவ்வொரு பெயராக வாசிக்கிறது. எழுத்துப் பலகையைச் சுவரில் மாட்டி முப்பது வருஷம் ஊரையே வாசிக்க வைத்தவன் நான். எனக்கு வாசித்துக் காட்டுகிறார்கள்.

இரண்டாவது, கொலைப் படம். யார் கொன்றது என்று தெரியாமல் கடைசிவரை தவிக்க வேண்டும், அதற்குத்தானே பார்ப்பது? இருட்டில் ஒரு கை கதவைத் திறக்கிறது. அதே குரல் வந்து, 'தம்பி கதவைத் திறக்கிறான்' என்கிறது. முடிந்ததா கதை? அதற்கு மேல் போலீஸ்காரர் தலையைப் பிய்த்துக்கொண்டு அலைவதைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருந்தது, என்னிடம் வந்து கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். மூன்றாவது, காதல் படம். அன்றைக்குப் பார்த்து என் மைத்துனர் வீட்டுக்கு வந்திருந்தார். முத்தக் காட்சி வரும்போல் தெரிந்தால் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போவது வழக்கம், பெரிய மனிதர்கள் அப்படித்தான் சமாளிப்பார்கள். அன்றைக்கும் போனேன். இந்த ஆள் விட்டாரா? அவள் கண்ணை மூடுகிறாள், அவன் குனிகிறான், அவன் கை எங்கே போகிறது என்பதுவரை சமையலறைக்கே வந்து சொல்கிறார். மைத்துனர் ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவைப் பார்த்து என்ன செய்ய, காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நாலு படம், நாலு இயக்குநர், நாலிலும் ஒரே குரல் என்பதைத் தாங்கள் கவனித்தீர்களா? இந்த ஆளுக்கு எல்லாரும் சேர்ந்து வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், யாருக்கு மாமனோ சித்தப்பனோ தெரியவில்லை. என் மனைவிக்கு மட்டும் அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டே படம் பார்க்க முடிகிறதாம், பாவம், எவ்வளவு பொறுமையாகச் சொல்கிறார் என்று என்னிடமே அவருக்குச் சான்றிதழ் தருகிறாள்.

நாலாவதுதான் தங்கள் உயிரான படம். கப்பலில் சமையல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் ஏரியை நீந்திக் கடக்கிறார். ஏன் கடக்கிறார்? அக்கரையில் யார் இருக்கிறார்கள்? அதெல்லாம் கேட்கக் கூடாது. படத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை, நம்ம ஆள் ஒருவர்தான் விடாமல் பேசுகிறார். 'தண்ணீர் கறுப்பாக இருக்கிறது. தூரத்தில் ஒரு விளக்கு. அவர் கை ஓய்கிறது.' இதை நீங்கள் மூன்று தடவை பார்த்தேன் என்று குரல் பதிவு அனுப்பியிருந்தீர்கள். அதுவும் எனக்கு ஒரு குறை. நான் விரல் நோக அரைப் பக்கம் தட்டி அனுப்பினால், உங்களிடமிருந்து ஒரு வரி எழுத்தில் வந்ததில்லை, எப்போதும் குரல்தான், அதிலும் 'நீங்களே பேசி அனுப்பிடுங்க சம்பந்தி' என்று உத்தரவு. என் எழுத்தை வாசிக்கக்கூட நேரமில்லாத அளவுக்கு நீங்கள் என்ன மந்திரியா?

மனசில் இருப்பதை இன்றைக்கே கொட்டிவிடுகிறேன். பெண் பார்க்க வந்த அன்றே எனக்கு உறுத்தல்தான். வாசலில் கை நீட்டிக்கொண்டு நான் நிற்கிறேன், என்னைத் தாண்டிப் போய் என் மைத்துனரிடம் 'சம்பந்தி, வீடு நல்லா வச்சிருக்கீங்க' என்கிறீர்கள். உங்களுக்காகவே சுவருக்கெல்லாம் வெளிர்பச்சை அடித்து வைத்திருந்தேன், வெள்ளை என்றைக்குமே அழகுதான் என்றீர்கள். மகளின் சின்ன வயசுப் படங்கள் ஒட்டிய ஆல்பத்தைக் கொடுத்தால், தலைகீழாக வைத்துக்கொண்டு நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று நாலு புரட்டில் முடித்துவிட்டீர்கள். தேநீர்க் கோப்பையை மேசை இல்லாத இடத்தில் வைத்தீர்கள், அது என் புதுச் சட்டையில் இறங்கியது. போகட்டும் என்று நானே இறங்கி வந்து, உங்கள் கண்ணாடி முகத்துக்குப் பொருந்தவில்லை, என் கையால் ஒன்று செய்து தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். "வேண்டாம் சம்பந்தி. இனிமே எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டீர்கள். சரக்கு பிடிக்கவில்லை என்றால் அதை நேராகச் சொல்லியிருக்கலாம்.

இனி ஞாயிற்றுக்கிழமை. ஏரிப் படத்தைப் பற்றிக் கேட்டார்கள், நான் அந்தக் குரலைக் கிழிகிழியென்று கிழித்தேன். "எந்தக் குரல் மாமா? அதுல யாருமே பேசமாட்டாங்களே" என்றார் மாப்பிள்ளை. படம் பார்க்காமலே பார்த்தேன் என்று பொய் சொல்கிற பழக்கம் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்தது நல்லதாகப் போயிற்று என்று நான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்தான். என் மகள் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. அப்போது நீங்கள் குறுக்கிட்டு, "அவர் சொல்றது சரி. குரல் இருக்கு" என்றீர்கள். மாப்பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்த்தார். நியாயமாக அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். வெற்றி கிடைத்த வேகம், இன்னொரு அடி எடுத்து வைத்துவிட்டேன். "திரையில தெரியறதை ஒருத்தன் பக்கத்துல நின்னு சொன்னாத்தான் விளங்கும்னா, அவங்க எதுக்குப் படம் பார்க்கணும்? மூலையில உக்காந்து ரேடியோ கேக்கட்டும்" என்றேன். நீங்கள் எழுந்தீர்கள். நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் கைபேசியில் எங்களுக்குத் தெரிந்தது உங்கள் வீட்டுக் கூரைதான்.

ஒரு சினிமாக் கருத்துக்கு இவ்வளவு கோபமா? அந்த ஆள் உங்களுக்கும் உறவா? அப்படியிருந்தால் முன்பே சொல்லியிருக்கலாமே. எப்படியானாலும் நான் வயதில் இளையவன், பெண்ணைப் பெற்றவன், பணிந்து போகிறேன். பிள்ளைகள் கல்யாணம் குறித்தபடி நடக்கட்டும், அவர்கள் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, முடிந்தால் வேறு மாதிரியான படங்கள் பார்த்து நீடூழி வாழட்டும். வீட்டில் எல்லாருக்கும் என் மனைவியின் விசாரிப்புகளைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் கோபத்துக்கும் பாத்திரமான,
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: மனைவி கடைக்குப் போனதும், உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் மகள் வந்தாள். என்னோடு பேசவில்லை. பெட்டியைப் போட்டாள், மாப்பிள்ளையின் கட்டத்தை அழுத்தினாள், ஏரிப் படத்தை ஓடவிட்டாள். குரல் இல்லை. வெறும் தண்ணீர்ச் சத்தம். "பாத்தீங்களா? அவர் பொய் சொல்லலை" என்றாள். நான் ரிமோட்டை வாங்கி உங்கள் கட்டத்தை அழுத்தினேன். 'தண்ணீர் கறுப்பாக இருக்கிறது' என்றார் நம்ம ஆள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து அவளைப் பார்த்தேன். அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. "அப்பா, இது பார்வை இல்லாதவங்களுக்காக வைக்கிறது. யாராவது வேணும்னு போட்டாத்தான் வரும்" என்றாள். நான் போடவில்லை என்றேன். "நீங்க போடலைப்பா. இது மாமாவோட கட்டம்."

சம்பந்தி, பெட்டியை அணைத்துவிட்டு உறையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். மேலே எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். வாசலில் நீட்டிய கை, பச்சைச் சுவர், ஆல்பம், கோப்பை, 'இனிமே எனக்கு எதுக்கு'. முப்பது வருஷம் ஊரார் கண்ணைப் பார்த்துப் பிழைத்தவன், எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்தியின் கண்ணைப் பார்க்கவில்லை, ஃபிரேமைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் கண்ணாடிக்கடைக்காரனை எந்தப் படத்திலும் காட்டியிருக்க மாட்டார்கள், காட்டினால் நம்ப மாட்டார்கள். அன்றைக்கு என் பேச்சைக் காப்பாற்றுவதற்காக, வீட்டாருக்குத் தெரியாமல் நீங்கள் பொத்தி வைத்திருந்ததை வெளியே எடுத்து வைத்தீர்கள். நான் அதன் மேலேயே மிதித்தேன். மேலே எழுதிய மன்னிப்பு மனைவிக்குப் பயந்து எழுதியது. அதை அடித்துவிட்டேன். இது நான் கேட்பது. என்னை மன்னியுங்கள்.

இதை அஞ்சலில் போட்டால் உங்களுக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள் என்று பிறகுதான் உறைத்தது. ஆகவே நானே எடுத்து வருகிறேன். உங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே வாசிக்கிறேன், உங்களைத் திட்டியிருக்கும் இடங்களையும் விடாமல். எனக்குத் தெரிந்த கண் மருத்துவர் ஒருவர் இருக்கிறார், நாம் இருவரும் போகலாம். வீட்டாரிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் இஷ்டம். மகள் வாய் திறக்க மாட்டாள், என் மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும். மகள் போனபின் அந்த ஏரிப் படத்தைக் குரல் இல்லாமல் முழுதாகப் பார்த்தேன். இன்னும் மோசம். அதில் ஒழுங்காக வேலை செய்திருப்பவர் நம்ம ஆள் ஒருவர்தான்.