அலமாரிக்குள் ஒரு சிகரம்

மடிக்கணினித் திரையில் அந்த நீல வளையம் சுற்ற ஆரம்பித்ததும் அறிவிப்பாளர் சவரம் செய்யப் போனார். செய்து முடித்து, முகம் கழுவி, நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு வந்தார். வளையம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதைப் பாரேன். ரிப்பேர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி கத்திக்கிட்டாவது வேலை செஞ்சுது. இப்ப வாயை மூடிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கு."

"மெதுவா சொல்லுங்க. மாடி வீடு வரைக்கும் கேக்குது," என்றாள் மனைவி, துணி மடித்தபடியே.

கல்யாணமான நாளிலிருந்து அவர் காதில் அதிகம் விழுந்த சொல் இந்த 'மெதுவா'தான். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, தொண்டை அப்படி. ரயில் நிலையத்தில் அறிவிப்பு வேலை. வண்டி தாமதம், நடைமேடை மாற்றம், குடையைத் தொலைத்தவரின் கவனத்துக்கு. வீட்டில் 'சீப்பு எங்கே' என்று கேட்டால் எதிர் வீட்டுக்காரர் தன் சீப்பைத் தேடுவார்.

அந்தத் தொண்டைக்கு இன்றைக்கு நாலு மணிக்கு விடிவுகாலம். ஒலிப்புத்தக நிறுவனம் ஒன்று தடித்த நாவல் ஒன்றுக்குக் குரல் தேடிக்கொண்டிருந்தது. பனிமலை உச்சியில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு மலையேறியின் கதை. போன வாரம் வாசிக்கச் சொல்லி இணையத்தில் கேட்டுவிட்டு, தயாரிப்பாளர் அம்மாள் இரண்டு கேள்விகள் கேட்டார். "பின்னாடி மாவு மில் ஏதாவது ஓடுதா சார்?" என்பது ஒன்று. "உங்க குரலைக் கேட்டா மலையேறத் தோணலையே, பெட்டியைத் தூக்கிக்கிட்டு நடைமேடை மாறத்தானே தோணுது?" என்பது இன்னொன்று. ஆனாலும் குரலில் ஏதோ இருக்கிறது என்று இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். கடைசி வாய்ப்பு.

அன்றிலிருந்து அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. இத்தனை வருடமாக அவர் பேசுவதை ஊரே கேட்டது. தன் வண்டி எண் வந்ததும் கேட்பதை நிறுத்திக்கொண்டது. யாராவது ஒருவர் தன்னை முதலிலிருந்து கடைசிவரை கேட்கவேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை.

மாவு மில் வேறெதுவும் இல்லை, அவருடைய மடிக்கணினிதான். வயதாகிவிட்டது. உள்ளே இருந்த விசிறி ஓயாமல் இரைந்தது. மெக்கானிக் திருப்புளியிடம் கொடுத்துவிட்டார். காதிடுக்கில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். 'என்ன சார் பண்ணணும்' என்று அவன் போன் செய்தபோது இவர் பணியில் இருந்தார், சரக்கு வண்டி ஒன்று தடதடத்துப் போய்க்கொண்டிருந்தது. "சத்தம் தாங்கலப்பா, மானம் போகுது," என்று அதற்கும் மேலே கத்தினார். வண்டி கடந்த பிறகு, "மெதுவா ஓடணும், அவ்வளவுதான். வேற எதையும் தொட்டுடாதே," என்றார்.

நேற்று திரும்பி வந்தது. சத்தம் போயே போய்விட்டது. கூடவே உயிரும் போய்விட்டதோ என்னவோ, ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் வருவதற்குள் அடுத்து என்ன தட்ட நினைத்தோம் என்பது மறந்துபோனது.

திருப்புளிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. "ரிப்பேர் பண்ணச் சொன்னா கழுத்தறுத்து வச்சிருக்கியே, உடனே வீட்டுக்கு வா," என்று குரல் செய்தி அனுப்பினார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே இறங்கினார்.

முதலில் 'உங்கள் கணினியைக் குதிரையாக்குகிறோம்' என்று ஆசை காட்டிய ஓர் இலவச மென்பொருளை இறக்கினார். அது வந்தபோது கேட்காமலேயே இரண்டு கூட்டாளிகளையும் அழைத்து வந்தது. மூன்றும் சேர்ந்து கணினியைச் சோதித்தன. சோதித்து முடித்து ஒன்றையொன்று சந்தேகப்பட ஆரம்பித்தன. வளையம் நின்றே போனது. கணினியின் அடிவயிற்றில் அந்தப் பழைய இரைச்சல் எழுந்தது.

"ஆகா, குதிரை கனைக்குது," என்றாள் மனைவி.

"சூடு ஏறிப்போச்சு. அந்த மேசை விசிறியைக் கொண்டா."

மேசை விசிறியை முழு வேகத்தில் திருப்பினார். கணினி குளிர்ந்ததோ இல்லையோ, வாசிக்க வைத்திருந்த தாள்கள் எல்லாம் எழுந்து அறையைச் சுற்றி வந்தன. ஒன்று ஜன்னல் வழியே தெருவைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. இருவரும் ஆளுக்கொரு மூலையில் விழுந்து பிடித்தார்கள். வெட்டவெளியில் தனியாக நின்றவனுடைய கதை, கட்டிலுக்கடியிலிருந்து பக்கம் மாறி வெளியே வந்தது.

நாலு மணிக்குச் சில நிமிடங்களே இருந்தன.

"சத்தத்தை அடைக்கிறதுதான் ஒரே வழி. அலமாரியைத் திற."

கம்பளிப் போர்வைகளுக்கு நடுவே கணினியைப் படுக்க வைத்து, கதவைச் சாத்தப் போனார். ஒலிவாங்கியின் ஒயர் எட்டவில்லை. இழுத்துப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் தானே உள்ளே புகுந்து, முழங்காலை மடித்து, தலைக்கு மேல் தொங்கிய கோட்டைத் தோளில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்துக் கதவைச் சாத்தினாள்.

"மூச்சு முட்டினா தட்டுங்க," என்று மட்டும் சொன்னாள்.

போர்வைச் சூட்டில் கணினி பேய் பிடித்ததுபோல அலறத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் தயாரிப்பாளர் இணைப்பில் வந்தார்.

"ஆரம்பிங்க சார்."

அறிவிப்பாளர் ஆரம்பித்தார். 'உச்சிக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான்' என்று அவர் சொன்னது, கணினிக்குள் எங்கெங்கோ போய் இளைப்பாறிவிட்டு அவர் காதுக்கே திரும்பி வந்தது. தன் குரலே தன்மேல் வந்து இடித்ததில் அவர் தடுமாறி நின்றார். அது முடிந்ததும் அடுத்த சொல்லைச் சொன்னார். அதுவும் திரும்பி வந்தது. மறுபடி நின்றார். வியர்வை கண்ணில் வழிந்தது. உள்ளே காற்றே இல்லை. "திரும்பிப் போக... வழியில்லை," என்று வாசித்தபோது, அது கதையில் வரும் வரியா சொந்த நிலைமையா என்று அவருக்கே விளங்கவில்லை. கடைசி வரியை மூச்சைப் பிடித்துச் சொல்லி முடித்தார்.

தொலைந்தோம் என்று நினைத்தார்.

"சார்," என்றார் தயாரிப்பாளர், தழுதழுத்த குரலில். "அந்தக் காத்தை எப்படி சார் கொண்டு வந்தீங்க? எனக்கு இங்க குளிருது. ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்த ஆள் மூச்சுக்குத் தவிக்கிறது... போன வாரம் பேசினது நீங்கதானா?"

"நான்தான் மேடம்," என்றார் அவர்.

"முழு நாவலும் உங்களுக்குத்தான். நாளைக்கே பதிவு. ஒரே ஒரு வேண்டுகோள், எதையும் மாத்திடாதீங்க. அதே காத்து, அதே திணறல்."

அலமாரிக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு, தோளில் கோட்டோடு அவர் வெளியே வந்தார். கணினியைக் கைக்குழந்தை போல ஏந்திக் கொண்டுபோய்க் கூடத்து மேசையில் வைத்து, அதன் மூடியில் ஒரு முத்தம் கொடுத்தார். பிறகு பால்கனிக்கு ஓடி, நிலைய அதிகாரியைப் போனில் பிடித்தார். "கடைசிவரைக்கும் கேட்டாங்க சார். கடைசி வரி வரைக்கும்," என்று அவர் சொன்னது தெருக்கோடி வரை கேட்டது. அன்றைக்கு மட்டும் மனைவி அவரை மெதுவாகப் பேசச் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்ததால் அவள் கதவைத் திறக்கப் போயிருந்தாள்.

பேசி முடித்துக் கூடத்துக்கு வந்தவருக்குத் திக்கென்றது. மேசை முன்னால் திருப்புளி உட்கார்ந்திருந்தான். எதிரே மனைவி நின்றுகொண்டு எதையோ அடக்க முடியாமல் வாயைப் பொத்தியிருந்தாள். கணினி மூச்சுக்கூட விடவில்லை. திருப்புளி விரலால் தொட, திரை பளிச்சென்று விரிந்தது; மூட, மூடியது.

"உங்க குரல் செய்தியைக் கேட்டுட்டுப் பதறி ஓடி வந்தேன் சார். எல்லாம் சரி பண்ணிட்டேன். இப்ப குதிரைதான்."

"அடப்பாவி, எனக்குக் குதிரை வேண்டாம்யா," என்று அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பிழைப்பே அதுலதான் இருக்கு. உனக்குப் புண்ணியமாப் போகும், பழையபடியே ஆக்கிக் குடு. மெதுவா ஓடணும்."

திருப்புளி காதிடுக்கிலிருந்த திருப்புளியை எடுத்துத் தலையைச் சொறிந்தான். அவர் மனைவியைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க, ரயில் இரைச்சல்ல வேற எதுவும் கேக்கல, அதான் நானும் வேகத்தைப் பிடிச்சு இழுத்துக் கட்டிக் குடுத்தேன், நீங்க சொன்னது சத்தத்தைன்னு அக்கா சொல்லித்தான் இப்பத் தெரியுது. இன்னைக்குக் கேக்குறது எந்த மெதுவா சார்?"